கைக்கணினியில் ஓரக்குறிப்பு

பழைய புத்தகக் கடையில் பாடநூல் வாங்கிய மாணவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். ஓரம் வெறுமையாக உள்ள நூலைவிட, முன்பு படித்த ஒருவர் அடிக்கோடிட்டு, வினாக்குறி போட்டு, இரண்டொரு சொல் எழுதி வைத்த நூல் சில வேளைகளில் நமக்கு மிகுதியாக உதவுகிறது. அந்த முகமறியா மாணவர் எங்கே இடறினார், எங்கே தெளிந்தார் என்பது அந்த ஓரத்தில் தெரிகிறது. காத்தரீன் மார்ஷல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பழைய பாடநூல்களில் மாணவர் இட்ட குறிகளையே ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஓரக்குறிப்பு ஆராய்ச்சிக்கு உரிய பொருள் என்பதற்கு அது ஒரு சான்று.

இன்று நம் பாடநூல்களிற் பெரும்பகுதி கணினிக்குள் சென்றுவிட்டது. ஆசிரியர் தரும் பாடக்குறிப்பு, நூலகம் தரும் நூற்படி, ஆய்வேட்டின் வரைவு ஆகிய யாவும் பி.டி.எஃப். கோப்பாக வருகின்றன. அவற்றைக் கண்ணால் மட்டும் படித்து மூடிவிடுகிறோம்; கையில் பேனா இல்லை. ஆனால் கையடக்கக் கருவியும் அதன்மேல் எழுதும் கோலும் இப்போது மாணவர் வாங்கத்தக்க விலைக்கு வந்துள்ளன. கணினிக் கோப்பின்மேல் கையால் குறிப்பெழுத இயலும். அதனை எவ்வாறு முறையாகச் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நல்ல குறிப்புக்கு மூன்று இலக்கணம் கூறலாம் என்பது என் கருத்து. ஒன்று, மூலத்தோடு கலவாமை. இரண்டு, மூலத்தை விட்டு அகலாமை. மூன்று, உரியவர் பெயர் மறையாமை. இம்மூன்றும் இன்று தோன்றியவை அல்ல. ஓலைக்காலத்திலேயே இவற்றின் அருமை உணரப்பட்டது.

ஓலையில் நேர்ந்தது

கைக்கருவியின் கோலை ஆங்கிலத்தில் 'ஸ்டைலஸ்' என்கிறார்கள். நம் முன்னோர் அதனை எழுத்தாணி என்றார்கள். எழுத்தாணியால் ஓலையைக் கீறி, விளக்குக் கரியோ பச்சிலைச் சாறோ தடவினால் எழுத்துத் தெரியும். புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் விட்டே எழுதினார்கள். ஓலை செல்லரித்துப் போகுமுன் மற்றோர் ஓலையில் படியெடுக்க வேண்டும். படியெடுப்போர் வேறு, நூல் செய்தவர் வேறு. இடையிலே ஒருவர் தம் மனம்போல் ஒரு பாட்டைச் சேர்த்தாலும், ஒரு சொல்லை மாற்றினாலும், அடுத்த படியில் அது மூலமாகவே ஆகிவிடும். எழுதியவர் கை வேறு என்று காட்ட யாதொரு அடையாளமும் இராது. இதனையே இடைச்செருகல் என்கிறோம். கம்பராமாயணத்தில் இவ்வாறு நுழைந்தவை எனக் கருதப்பட்ட பாடல்களை அறிஞர்கள் பிரித்தெடுத்து, 'மிகைப்பாடல்கள்' என்று தனியே அச்சிட நேர்ந்தது. எத்துணை ஆண்டு உழைப்பு!

நம் காரியவட்ட வளாகத்தில் உள்ள கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனத்துச் சுவடி நூலகத்தில் பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் காக்கப்படுகின்றன. சுவடி பார்க்கும் மாணவர் முதலிற் கேட்கும் கேள்வி, 'இதில் எது நூல், எது பிற்கை?' என்பதே. கலவாமை என்னும் இலக்கணம் தவறினால் வரும் துன்பத்தை அங்கே கண்ணாரக் காணலாம்.

1675-இல் ஒரு கையெழுத்து

பெயர் மறையாமைக்கு நம் கேரள மண்ணிலேயே அரிய எடுத்துக்காட்டு உண்டு. கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்களின் தலைவர் வான் ரீட் என்பவர் மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை, ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லியவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். தாம் சொன்னவற்றுக்குச் சான்றாக அவர் கோலெழுத்தில் தம் கையால் ஓர் உறுதிமொழி எழுதினார். அதன் நாள் 1675 ஏப்ரல் 20.

பதிப்பித்தவர் அந்தக் கையெழுத்தைச் செப்புத்தகட்டில் அப்படியே செதுக்கி, முதல் தொகுதியில் அச்சிட்டார். லத்தீன் நூலின் நடுவே ஒரு மலையாள வைத்தியரின் கையெழுத்து! நூலின் சொல்லோடு அது கலக்கவில்லை. நூலை விட்டு அகலவும் இல்லை. பெயரும் நாளும் கூடவே நிற்கின்றன. அறிஞர் கே.எஸ். மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நம் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் இந்த வைத்தியரின் பெயரை நாம் அறிவதற்கு அந்தக் கையெழுத்தே பெருங்காரணம்.

கருவி வந்த வழி

இனிக் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1945-ஆம் ஆண்டு ஜூலையில் வன்னேவர் புஷ் என்னும் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நூல்களையெல்லாம் சிறு படச்சுருளில் அடக்கி வைத்திருக்கும் 'மெமெக்ஸ்' என்னும் மேசையை அதில் அவர் கற்பனை செய்தார். அந்த மேசையில் படிப்பவர் ஒரு கோலைக்கொண்டு ஓரக்குறிப்பு எழுதவும் வழி இருக்கவேண்டும் என்று அப்போதே சொன்னார். கணினியே குழந்தையாக இருந்த காலத்தில் ஓரக்குறிப்பை அவர் மறக்கவில்லை என்பது கருதத்தக்கது.

1993-இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'நியூட்டன்' கைக்கருவியும், 1996-இல் 'பாம் பைலட்' கைக்கருவியும் வந்தன. பாம் பைலட்டில் எழுத, அதற்கென அமைத்த 'கிராஃபிட்டி' என்னும் தனி எழுத்து வடிவைப் பழகவேண்டும். அதில் ஆங்கில எழுத்துக்கே முதலிடம். தமிழுக்கு இடம் இல்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட் மையர்ஸ் குழுவினர் 'பெபிள்ஸ்' என்னும் திட்டத்தில் இக்கருவியைக் கணினியோடு இணைத்தார்கள். வகுப்பறையில் திரையிற் காட்டும் படத்தைக் கையிலுள்ள சிறு கருவியிலும் காணலாம். அதில் வட்டமிட்டால் பெருந்திரையிலும் வட்டம் தோன்றும். கைக்கருவியால் கணினிக் கோப்பில் எழுதும் வேலைக்கு இது ஒரு நல்ல முன்னோடி.

இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்னும் எளிய கைக்கணினியை 2001-இல் அறிமுகம் செய்தார்கள். ஆங்கிலம் அறியாதாரும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். 2004-இல் அது 'அமிதா' என்னும் பெயரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்தது. கோலால் எழுதியதை எந்த மொழியானாலும் அப்படியே மின்னஞ்சலாக அனுப்பலாம் என்பது அதன் சிறப்பு. எதிர்பார்த்த அளவு அது விற்கவில்லை. ஆனால் அதனுள் இருந்த கருத்து பெரிது. எழுத்துருவும் விசைப்பலகையும் வருமுன்பே கையெழுத்து எல்லா மொழிக்கும் வழி திறக்கும் என்பதே அக்கருத்து. இன்று நாம் கையாளும் டேப்பும் பெரிய கைப்பேசியும் அந்த வழியில் வந்தவையே.

கருவிக்குள் குறிப்பு எவ்வாறு நிற்கிறது?

குறிப்பு கலவாமலும் அகலாமலும் இருப்பது கருவியின் உள்ளமைப்பைப் பொறுத்தது. ஆதலால் அதனைச் சற்று நின்று பார்ப்போம்.

நாம் கோலால் ஒரு கோடு இழுக்கும்போது, கருவி அதனைப் படமாகப் பிடிப்பதில்லை. கோல் சென்ற இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. பி.டி.எஃப். பக்கத்தில் இடது கீழ்மூலையிலிருந்து வலப்புறம் எவ்வளவு, மேல்நோக்கி எவ்வளவு என்னும் இரண்டு எண்கள் ஒரு புள்ளிக்கு உண்டு. ஓர் அங்குலத்தை 72 பங்காக்கியது அதன் அளவு. ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 595 பங்கு அகலமும் 842 பங்கு உயரமும் உடையது. இப்புள்ளிகளைத் தொடுத்தால் நம் எழுத்து மீண்டும் தோன்றுகிறது. எனவே பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் குறிப்பும் உடன் பெரிதாகும், இடம் மாறாது.

இந்தப் புள்ளித் தொடர் மூலப்பாடத்தின் எழுத்துகளோடு சேர்வதில்லை. கண்ணாடித்தாள் ஒன்றைப் பக்கத்தின்மேல் விரித்து அதன்மீது எழுதியது போலத் தனி அடுக்காக நிற்கிறது. வேண்டும்போது விலக்கலாம், வேண்டும்போது விரிக்கலாம். ஒவ்வொரு குறிப்போடும் எழுதியவர் பெயரையும் நாளையும் வைப்பதற்குப் பி.டி.எஃப். இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இலக்கணம் 2008-இல் பன்னாட்டுத் தரநிலையும் ஆயிற்று. ஓலையில் இல்லாத வசதி இது. இடைச்செருகலுக்குக் கணினி தந்த மருந்து என்றே இதனைச் சொல்லலாம்.

மருந்து இருப்பினும் நோய் முற்றும் ஒழியவில்லை. கோப்பை அச்சிடவோ அனுப்பவோ சில செயலிகள் அடுக்குகளை ஒன்றாக்கித் தட்டையாக்கிவிடுகின்றன. கண்ணாடித்தாளும் பக்கமும் ஒட்டிப்போகின்றன. ஒட்டியபின் மூலம் இது, குறிப்பு இது என்று பிரிப்பது அரிது. பழைய படியெடுப்போரின் வேலையை இப்போது ஒரு பொத்தான் ஒரு நொடியில் செய்துவிடுகிறது!

அகலுதல் மற்றொரு குறை. பி.டி.எஃப். பக்கம் நிலையானது. ஆனால் வேர்டு கோப்பும் மின்னூலும் அவ்வாறல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் கீழே வழிந்து ஓடும். சொல் நகர்ந்துவிடும், செயலி அதற்கேற்ப அமைக்கப்படாவிடில் கைக்குறிப்பு பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கணினி அறிஞர் பலர் இந்தச் சிக்கலை ஆராய்ந்தனர். குறிப்பைப் பக்கத்தில் கட்டாமல் சொல்லிலே கட்டவேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. எல்லாச் செயலிகளும் இன்னும் அதனைச் செம்மையாகச் செய்வதில்லை.

கல்லாற்றங்கரையில் ஒரு பாடம்

இவற்றையெல்லாம் வகுப்பறையில் கேட்டால் நுட்பமாகத் தோன்றும். களத்தில் கண்டால் எளிதாக விளங்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் உள்ளது கல்லாறு. பெயருக்கேற்ப, உருண்டு மழமழப்பான கற்களிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. வாமனபுரம் ஆற்றில் சேரும் நீர் அது. அதற்கு அப்பால் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி.

மழை ஓய்ந்த ஒருநாள் மாணவர் நால்வர் அங்கே சென்றோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களின் பட்டியல் எங்கள் டேப்பில் இருந்தது. மலைநாட்டில் அப்பெயர்களுள் எவை இன்றும் வழங்குகின்றன என்று கேட்டு எழுதுவது எங்கள் நோக்கம். வேங்கை என்றோம், 'வேங்ங' என்றார்கள். கொன்றை 'கொன்ன'யாக இருந்தது. செங்கொடுவேரிக்குச் 'செத்திக்கொடுவேலி' என்று விடை வந்தது. நம் பழம்பெயர்கள் அண்டை மொழியில் சிறிது உருமாறி உயிரோடு இருப்பதைக் கேட்கக் கேட்க மகிழ்ச்சி பெருகிற்று.

ஆற்றோரப் புதரில் ஒரு கொடி பூத்திருந்தது. தீக்கொழுந்து போன்ற இதழ். நாம் காந்தள் என்று படித்த பூ. தேநீர்க்கடைப் பெரியவர் ஒருவரிடம் அதன் பெயரைக் கேட்டோம். 'மேந்தோன்னி' என்றார், கிழங்கு நஞ்சு, தொடாதீர்கள் என்றும் எச்சரித்தார். எங்களுக்கு வியப்பாயிற்று. குறிஞ்சிப்பாட்டில் காந்தள் என்றொரு பூ தொடக்கத்தில் வருகிறது. தோன்றி என்று வேறொரு பூ வெகுதூரம் தள்ளி வருகிறது. மேந்தோன்னியில் ஒலிப்பது அந்தத் தோன்றியின் பெயரா? இரண்டும் ஒரு செடியின் இரு வகையா? பட்டியலில் தோன்றியை வட்டமிட்டு, 'மேந்தோன்னி, கல்லாறு' என்று எழுதி, அங்கிருந்து காந்தளுக்கு ஓர் அம்பு இழுத்து, அதன்மேல் வினாக்குறி இட்டேன். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீள்வதை ஓரத்தில் வரைந்தேன். பெரியவரின் இசைவைக் கேட்டு அவர் பெயரையும் நாளையும் சேர்த்தேன்.

இந்த அம்பையும் இலைநுனியையும் தட்டச்சால் எழுத முடியுமா? பத்து வரி விளக்கம் எழுதலாம். ஆனால் ஒரு கோட்டில் தெரிந்தது அதில் தெரியாது. கையெழுத்துக் குறிப்பின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

எங்கள் தோழர் ஒருவர் அதே பட்டியலை மின்னூல் வடிவில் வைத்து அதில் குறித்திருந்தார். மாலை வெளிச்சம் குறைந்ததும், எழுத்தைச் சற்றே பெரிதாக்கினார். வரிகள் வழிந்தன. அவர் இட்ட வட்டம் தோன்றியை விட்டு அடுத்துள்ள நந்தியைச் சூழ்ந்து நின்றது! நந்தி என்பதை நந்தியாவட்டை என்பார்கள். வீட்டு வாசலில் நிற்கும் நந்தியாவட்டைக்கு மேந்தோன்னி என்று பெயர் சூட்டி, அதன் கிழங்கு நஞ்சு என்று கற்பிக்கும் குறிப்பாக அது மாறிவிட்டது. அன்றே கண்டோம், திருத்தினோம். ஆறு திங்கள் கழித்து வேறொருவர் அதைத் திறந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்? மருந்தும் நஞ்சும் பற்றிய குறிப்பில் ஒரு விரல் நகர்வு உயிருக்கே கேடாக முடியலாம்.

சொன்னவர் பெயர்

கல்லாறு வேறொரு பாடமும் கற்பிக்கிறது. அக்காட்டில் வாழும் காணிக்காரர்களின் மருந்தறிவு பெரும்பாலும் நினைவில் வாழ்வது. கல்லாற்றைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மையார் ஐந்நூறு மருந்துகளை நினைவிலிருந்தே செய்யவல்லவர் எனப் புகழ்பெற்றவர். இந்திய அரசு 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவ்வறிவை எழுதிக்கொள்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. 1987-இல் அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற அறிவியலாரோடு வழிகாட்டிகளாகப் போன காணிகள், களைப்பு நீங்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அது ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதனை ஆராய்ந்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கிற்று. மருந்து செய்யும் உரிமை கோவை நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டபோது, வந்த தொகையிற் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று; 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பங்கீடு நிறைவானதா என்னும் விவாதம் பின்னரும் நடந்தது. ஆயினும் பங்கு என்ற பேச்சே எழுந்ததற்குக் காரணம் என்ன? அறிவு யாரிடமிருந்து வந்தது என்பது மறைக்கப்படாமையே.

நம் கைக்குறிப்பு சிறியதாக இருக்கலாம். அதில் சொன்னவர் பெயரை எழுதாமல் விட்டால், நாளை அது நம் கண்டுபிடிப்பாகத் தோன்றும். மறுநாள் யாருடையதும் இல்லாமற் போகும். 1675-இல் இட்டி அச்சுதனுக்குத் தந்த மதிப்பை இன்று நாம் தேநீர்க்கடைப் பெரியவருக்குத் தரவேண்டாவா? பெயர் எழுதுமுன் அவருடைய இசைவைப் பெறுவதும், வேண்டா என்றால் விடுவதும் அதே மதிப்பின் பகுதிகள்.

செய்முறை

மாணவ நண்பர்கள் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கீழே தருகிறேன்.

1. குறிப்பெழுத வேண்டிய கோப்பை முதலில் பி.டி.எஃப். ஆக்குக. வழிந்தோடும் வடிவத்தில் கைக்குறிப்பு எழுதற்க.

2. மூலக்கோப்பின் படி ஒன்றைத் தொடாமல் தனியே வைத்து, வேறொரு படியில் எழுதுக.

3. செயலியின் அமைப்பில் உங்கள் பெயரை முதலிலேயே பதிக. களத்தில் எழுதும்போது இடம், நாள், சொன்னவர் ஆகியவற்றைக் கையாலும் எழுதுக. செயலி மாறினாலும் கையால் எழுதியது நிற்கும்.

4. பக்கத்தைப் பெரிதாக்கி எழுதுக. சிறிதாக்கிப் பார்க்கும்போது எழுத்து ஓரத்தில் அடங்கும். ஓரம் போதாவிடில் இடையே வெற்றுப்பக்கம் சேர்க்க.

5. குறிக்கும் சொல்லைக் குறிப்பிலும் ஒருமுறை எழுதுக. 'தோன்றி: மேந்தோன்னி' என்று இருந்தால், வட்டம் நகர்ந்தாலும் பொருள் நகராது.

6. இரண்டு நிறம் போதும்: நூலிலிருந்து அறிந்ததற்கு ஒன்று, நம் ஐயத்துக்கும் கருத்துக்கும் மற்றொன்று.

7. தட்டையாக்கிய படியை அச்சுக்கு மட்டும் பயன்படுத்துக. அடுக்கு பிரிந்த படியே சேமிப்புக்கு உரியது. அதனையும் இரண்டு இடங்களில் வைக்க.

கையெழுத்தைத் தேட முடியாதே என்று சிலர் கேட்கலாம். தமிழ்க் கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் செயலிகள் வந்துள்ளன. அவை தரும் அச்செழுத்தைத் தேடுவதற்குத் துணையாகக் கொள்ளலாம். கையெழுத்தை அழித்துவிட்டு அதனை வைத்தல் கூடாது. கருவி ரகரத்தைக் காலாக எண்ணலாம். மலையாளப் பெயரைத் தமிழ்ச் சொல்லாகத் திருத்தலாம். கையெழுத்து உடன் இருந்தால் ஐயம் தீர்க்கலாம்.

நமக்கு முன்னால் உள்ள வேலை

பிறமாநிலத்தில் தமிழ் பயிலும் நமக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. நம் காலடியில் இரண்டு மொழிகள் கலந்து ஓடுகின்றன. சங்கநூலின் சொல் ஒன்று மலையாள மூதாட்டியின் வாயில் வாழ்வதைக் கேட்க, நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கேட்டதை எழுதிக்கொள்ளக் கருவியும் கையில் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலில் நாங்கள் அன்று குறித்தவை மிகச் சில. எஞ்சியவற்றின் எதிரே ஓரம் வெறுமையாகவே உள்ளது. அப்பட்டியலின் தூய படி ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். விரும்புவோர் அதனைப் பெற்று, அகத்தியமலையிலோ நெய்யாற்றங்கரையிலோ தம் ஊர்த் தோப்பிலோ கேட்டறிந்ததைத் தத்தம் கையால், தத்தம் பெயரால் எழுதிச் சேர்ப்பார்களாக. பத்துப் பேர் எழுதிய பத்துக் கண்ணாடித்தாள்களை ஒரே பக்கத்தின்மேல் விரித்துப் பார்க்கும் நாளில், காந்தளும் தோன்றியும் ஒன்றா என்னும் வினாவுக்கு விடை கிடைக்கலாம்.